கொத்துக்கு முன் மூன்று நிறுத்தம்: மட்டக்களப்பில் கூட்டாளிகளோடு ஒரு சாப்பாட்டுச் சுற்று

மட்டக்களப்பில் ஐந்தாறு கூட்டாளிகள் சேர்ந்து சாப்பிடக் கிளம்பினால் பெரும்பாலும் நடப்பது இதுதான். எல்லாருக்கும் பசி. முதலில் கண்ணில் படுகிற கடையில் மோட்டார் சைக்கிளை நிறுத்துவோம். ஆளுக்கொரு கோழிக் கொத்து. அரை மணித்தியாலம் கழித்து எழும்ப முடியாமல் எழும்பி, ஒரு சோடாவைக் குடித்துவிட்டு, "மறுகா (பிறகு) என்ன?" என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். மறுகா ஒன்றுமில்லை. எட்டு மணிக்கு எல்லாரும் வீட்டில்.

நாங்கள் பல வருடம் இப்படித்தான் சுற்றினோம், அதாவது சுற்றவே இல்லை. ஊரில் சாப்பாடு குறைந்தா போயிற்று? பின்னேரத்துக்கு ஒன்று, பொழுது சாய ஒன்று, மஃரிபுத் தொழுகைக்குப் (பொழுது பட்டதும் தொழுவது) பிறகு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று ஒவ்வொரு பொழுதுக்கும் ஒவ்வொரு இடத்தில் அடுப்பு எரிகிறது. நாங்கள்தான் கடைசியில் வரவேண்டியதை முதலில் தின்று முடித்தோம். கொத்தைக் கடைசிக்குத் தள்ளியதும், எதையும் ஆளுக்கொன்று எடுக்காமல் பங்கு போட்டதும், அதே காசில் ஒரு முழு மாலைப்பொழுது கிடைத்தது. கீழே உள்ளது அந்தச் சுற்று. டவுனில் தொடங்கிக் கல்லடிப் பாலம் தாண்டி, கடற்கரை தொட்டு, முஸ்லிம் ஊரான காத்தான்குடியில் முடியும். வேன் கடை, தள்ளுவண்டில், தேத்தண்ணிக் கடை எல்லாம் வழியிலேயே வரும். கடைப் பெயர் எதுவும் தரவில்லை. இன்றைக்கு இருக்கும் வண்டில் அடுத்த மாதம் வேறு மூலையில் நிற்கும்.

முதலில் ஆட்கள்

நான்கு முதல் ஆறு பேர் சரியான கணக்கு. மூன்று பேர் என்றால் நான்காவது நிறுத்தத்துக்குள் வயிறு நிறைந்துவிடும். எட்டுப் பேர் என்றால் வண்டில்காரர் திணறுவார், உங்களில் பாதிப் பேர் மற்றப் பாதி தின்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள்.

கிளம்புவதற்கு முதல் நாளே ஒவ்வொருவரிடமும் மூன்று விஷயம் கேட்டு வையுங்கள். யார் மச்சம் (மீன், இறைச்சி) சாப்பிடமாட்டார்கள், யாருக்கு ஹலால் வேண்டும், யாருக்கு இறால் நண்டு ஒத்துக்கொள்ளாது. "அதெல்லாம் அங்க போய்ப் பார்ப்பம் மச்சான்" என்று ஒருவர் சொல்வார். அவர் சொல்வதைக் கேட்காதீர்கள்.

காரணம் உண்டு. இறால் வடையும் பருப்பு வடையும் பெரும்பாலான வண்டில்களில் ஒரே எண்ணெயில்தான் பொரிகின்றன. இறால் ஒத்துக்கொள்ளாதவருக்குப் பருப்பு வடை வாங்கிக் கொடுத்து நிம்மதியாக இருக்க முடியாது. சம்பலில் மாசிக் கருவாடு இருக்கும், சில இடங்களில் கூனி இறால் இருக்கும். சைவக்காரர் தேங்காய்ப்பூவைப் பார்த்து நம்பி வாயில் வைப்பார். மரக்கறிக் கொத்தும் அப்படித்தான். மாட்டுக் கொத்து அடித்த அதே இரும்புத் தட்டில், அதே தகடுகளால் அடித்தது. எங்கள் கூட்டத்தில் ஒருவன் வெள்ளிக்கிழமை மச்சம் தொடமாட்டான். அவனுக்காக வெள்ளியை விட்டுவிட்டோம். ஒரு ஆளுக்காக நாளை மாற்றுவது, ஒரு ஆளைப் பட்டினி போடுவதைவிட லேசு.

நாளும் பொழுதும்

வைகாசி முதல் புரட்டாதி வரை நல்ல காலம். கார்த்திகை, மார்கழியில் மாரி மழை கொட்டும்போது கடற்கரை வண்டில்களை நம்பிப் போகக்கூடாது. அந்த மாதங்களில் கூரையுள்ள கடைகளை மட்டும் வைத்துச் சுற்றைச் சுருக்குங்கள்.

கோடையில் இன்னொரு ஆள் வருவார்: கச்சான் காற்று. மேற்கிலிருந்து சூடாக வீசி முகத்தைக் காயவைக்கும். நம் ஊரில் கடலைக்கும் கச்சான், காற்றுக்கும் கச்சான். வெளியூர்க் கூட்டாளியிடம் "இன்றைக்குக் கச்சான் கூட" என்று சொன்னால், "எங்கே விற்கிறார்கள்" என்று கேட்பான். அந்தக் காற்று அடிக்கும் நாளில் நான்கு மணிக்கு வெளியே நிற்பது தண்டனை. ஒரு மணித்தியாலம் பிந்திக் கிளம்புங்கள்.

நோன்பு மாதத்தில் காத்தான்குடியில் பகலில் சாப்பாட்டுக் கடைகள் மூடியிருக்கும். நோன்பு திறந்த பிறகோ தெரு முழுக்க வெளிச்சமும் ஆட்களும். வருடத்தில் அங்கே சாப்பிடப் போக மிக நல்ல இரவுகள் அவைதான் என்பது என் கருத்து. ஆனால் மஃரிபுக்கு முன் போய் அடுப்படியில் நின்று அவசரப்படுத்தாதீர்கள். அவர்கள் பகல் முழுக்கத் தண்ணீரும் குடிக்காமல் உங்களுக்காகப் பொரிக்கிறார்கள்.

காசும் வண்டியும்

கிளம்பும்போதே எல்லாரிடமும் ஒரே தொகை வாங்கி ஒருவர் கையில் கொடுங்கள். நாங்கள் ஆளுக்கு 2000 ரூபாய் போடுவோம். மிஞ்சினால் அடுத்த முறைக்கு. அந்தக் காசில் பாதியை 100 ரூபாய்த் தாளாக மாற்றி வையுங்கள். கச்சான் விற்கும் அம்மாவிடம் 5000 தாளை நீட்டுவது அநியாயம்.

மோட்டார் சைக்கிள் என்றால் ஒன்றில் இரண்டு பேர், இரண்டு பேருக்கும் ஹெல்மட். ஓட்டோ என்றால் ஏறுவதற்கு முன்பே முழுச் சுற்றுக்கும் விலை பேசிக்கொள்ளுங்கள், காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து. ஓட்டோக்காரருக்கும் ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தால், எந்த வண்டிலில் எண்ணெய் நல்லது என்று அவரே சொல்லிவிடுவார்.

நான்கரை மணி: டவுனில் ஒரு பிளேன்டீ

பஸ் நிலையம், சந்தை, காந்திப் பூங்கா என்று டவுனில் எங்கே தொடங்கினாலும் சரி. பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகுதான் தேத்தண்ணிக் கடைகளில் ரோல்ஸ், கட்லட், பெட்டிஸ் எல்லாம் சூடாக வெளியே வரும். காலையில் பொரித்தது கண்ணாடிப் பெட்டிக்குள் வேர்த்துப்போய் இருக்கும். புதிதாகப் பொரித்த ரோல்ஸ் தட்டில் வைக்கும்போது சரசரக்கும். தட்டு நிறையக் கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். எடுத்ததற்கு மட்டும்தான் காசு. எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துத் திருப்பி வைக்கும் பழக்கம் உங்கள் கூட்டத்தில் யாருக்காவது இருந்தால், தட்டை அவருக்கு எட்டாத பக்கம் தள்ளுங்கள்.

இங்கே ஆளுக்கு ஒன்றுதான். ஒரு கட்லட் அல்லது ஒரு உளுந்து வடை, ஒரு இஞ்சிப் பிளேன்டீ. இதுதான் முழுச் சுற்றிலும் மிகக் கடினமான இடம், ஏனென்றால் இப்போதுதான் பசி அதிகம். இரண்டாவது ரோல்ஸுக்குக் கை போனால் அந்தக் கை கொத்துக்கு வராது.

சைவக் கூட்டாளி இருந்தால் டவுனிலேயே ஒரு சைவக் கடையில் தோசையோ வடையோ அவர் கொஞ்சம் தாராளமாகச் சாப்பிடட்டும். பாலம் தாண்டினால் அவருக்குத் தெரிவு குறைவு.

பாலம்

கல்லடிப் பாலத்தில் இப்போது இரண்டு பாலங்கள். 1924இல் திறந்த பழைய இரும்புப் பாலம், லேடி மானிங் பெயரில் உள்ளது. பக்கத்தில் 2013இல் திறந்த புதியது. போகும்போது நிற்க வேண்டாம், வெயில். திரும்பி வரும்போது நிற்கலாம். முழுநிலவில் வாவிக்குள் மீன் பாடும் என்று சொல்வது இந்த இடத்தைத்தான். நான் இரண்டு முறை காதைக் கூர்ந்து கேட்டேன். ஒரு முறை ஏதோ கேட்டது. மற்ற முறை கூட்டாளியின் வயிறு.

ஐந்தரை மணி: கல்லடிக் கடற்கரை

பாலம் இறங்கி இடது கைப் பக்கம் திரும்பினால் கடல். பொழுது சாயும் நேரத்தில் குடும்பங்கள், பட்டம் விடும் பிள்ளைகள், வண்டில்கள். நம் கடல் கிழக்குப் பார்த்த கடல், சூரியன் முதுகுப் பக்கம் விழும். அதனால் ஆறு மணிக்கே நிழலும் குளிர்ச்சியும் வந்துவிடும். சாப்பிட நல்ல நேரம்.

ஆட்களைப் பிரியுங்கள். இரண்டு பேர் வடை வண்டிலுக்கு, ஒருவர் கச்சானுக்கு, இரண்டு பேர் அச்சாறுக்கு. எல்லாரும் ஒரே வண்டிலில் மொய்த்தால் அரை மணித்தியாலம் அங்கேயே போய்விடும். வாங்கிக்கொண்டு ஒரு இடத்தில் கூடுங்கள். காற்று வரும் பக்கம் முதுகைக் காட்டி, சாப்பாட்டை நடுவில் வைத்து வட்டமாக இருங்கள், இல்லாவிட்டால் வடையோடு மணலும் கடிபடும்.

இறால் வடை. அதை எப்படித் தெரிவது? இறாலைப் பார்க்க வேண்டாம், எண்ணெயைப் பாருங்கள். தாச்சியின் அடி தெரியாத அளவுக்குக் கறுத்து, ஓரத்தில் நுரை கட்டியிருந்தால் நடையைக் கட்டுங்கள். எண்ணெய் தெளிவாக, வடை போட்டதும் உடனே பொங்கினால் நில்லுங்கள். ஏற்கெனவே பொரித்துக் குவித்ததைத் தரப் பார்ப்பார்கள். "அண்ணே, இனிப் போடுறதுல தாங்க, நிக்கிறம்" என்று சொன்னால் யாரும் கோபிக்கமாட்டார்கள். ஐந்து நிமிடம் நிற்க வேண்டும், அவ்வளவுதான். வடையை அப்படியே கடித்துவிடாதீர்கள். மேலே இருக்கும் இறாலின் தலையில் கூரான முள் இருக்கிறது. முதலில் அதை உடைத்து எறியுங்கள். அப்புறம் வெங்காயமும் மிளகாயும் மேலே போட்டு, தேசிக்காய் பிழிந்து, இரண்டு பேருக்கு ஒன்று.

கச்சான் எல்லாரும் வாங்குவது, அதில் சொல்ல ஒன்றுமில்லை. அவித்ததா வறுத்ததா என்று கேட்டால், மழை நாளில் அவித்தது, மற்ற நாளில் வறுத்தது.

அச்சாறு வண்டிலில் மாங்காய், அம்பரெல்லா, அன்னாசி. உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுப் பிரட்டித் தருவார்கள். வெட்டி ஊறவைத்து வைத்திருப்பதைவிட முன்னால் வெட்டித் தருவதை வாங்குங்கள். கத்தியை எந்தத் தண்ணீரில் கழுவுகிறார் என்பதையும் ஒரு கண் பாருங்கள்.

இதைச் சொல்வதற்குக் காரணம், ஒரு முறை எங்களில் மூன்று பேர் மூன்று நாள் படுக்கையில் கிடந்தோம். எந்த வண்டில் என்று சொல்லப்போவதில்லை, இப்போது அது அங்கே இல்லையும்கூட. வடை அல்ல காரணம் என்றுதான் நினைக்கிறேன். வடை கொதிக்கும் எண்ணெயிலிருந்து வந்தது. அன்றைக்கு வடை தின்று சர்பத் குடிக்காத மூன்று பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சர்பத்தில் போட்ட ஐஸ் கட்டியைச் சாக்கால் மூடி, மண்ணில் வைத்து உடைத்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்தும் குடித்தோம். அன்றிலிருந்து எங்கள் விதி: கண் முன்னால் அடுப்பில் இருந்து வருவதைத் தயங்காமல் சாப்பிடலாம், குளிர்ந்ததை ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் குடிக்க வேண்டும். நடுவில் ஓட்டையுள்ள குழாய் ஐஸ் தொழிற்சாலையில் இருந்து வருவது, அது ஓரளவு பரவாயில்லை. உடைத்த பாறை ஐஸ் என்றால் வேண்டாம். சமைத்த சாப்பாட்டுக்குப் படித்தவர்கள் சொல்லும் கணக்கும் இதையே சொல்கிறது. 60 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், அல்லது 5 பாகைக்குக் கீழ் குளிராக. இடையில் வெதுவெதுப்பாக இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் கிடந்ததுதான் வயிற்றைக் கெடுக்கும். கண்ணாடிப் பெட்டியில் மஞ்சள் பல்புக்குக் கீழே கிடக்கும் ரோல்ஸ் எந்தக் கணக்கில் வருகிறது என்று நீங்களே பாருங்கள்.

ஏழு மணி: காத்தான்குடி

கல்லடியிலிருந்து நொச்சிமுனை, நாவற்குடா, மஞ்சந்தொடுவாய் என்று பிரதான வீதி வழியே போனால் காத்தான்குடி வந்துவிடும். நடுவீதியில் பேரீச்ச மரங்கள் வரிசையாக நிற்கும் இடம் வந்தால் ஊருக்குள் வந்துவிட்டீர்கள். டவுனிலிருந்து ஐந்தாறு கிலோமீற்றர் இருக்கும், அதிகமில்லை.

தொழுகை நேரத்தைக் கணக்கில் வையுங்கள். மஃரிபு முடிந்து ஏழு மணியளவில் போனால் நல்லது. இஷாத் தொழுகைக்குப் பல கடைகளில் ஆட்கள் குறைவார்கள். அந்த நேரத்தில் பசியோடு நின்று மணியைப் பார்க்காமல், வீதியில் நடந்து மஸ்கட், தொதல் என்று இனிப்பு விற்கும் கடைகளைப் பாருங்கள். தொதல் வாங்கினால் விரலால் அமுக்கிப் பாருங்கள், எண்ணெய் விட்டு மெதுவாக நிமிர்ந்தால் சரி. கால் கிலோ போதும், வண்டியில் வைத்து வழிநெடுகத் தின்னலாம்.

கடைக்காரரை வயதுக்கு ஏற்ப "காக்கா" (அண்ணன்) என்றோ "தம்பி" என்றோ கூப்பிடலாம். "ஆணம் கொஞ்சம் கூட ஊத்துங்க காக்கா" என்று சொல்லிப் பாருங்கள். டவுனில் குழம்பு என்பதை இங்கே ஆணம் என்பார்கள். அந்த ஒரு சொல்லுக்கு அரைக் கரண்டி கூடக் கிடைக்கும் என்பது என் அனுபவம்.

ஆறு பேர் சரியாக இருந்து, யாருக்கும் இறைச்சி மறுப்பு இல்லையென்றால், கொத்துக்குப் பதிலாக ஒரு முறை சகன் சாப்பாடு முயலலாம். பெரிய வட்டத் தட்டில் சோறும் கறியும் வைத்து, சுற்றி இருந்து எல்லாரும் ஒன்றாகக் கை வைப்பது. கலியாண வீடுகளில் வழமை. கடைகளில் என்றால் முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும். தன் முன்னால் இருக்கும் பக்கத்திலிருந்து மட்டும் எடுக்க வேண்டும், எதிரில் இருப்பவரின் இறைச்சித் துண்டில் கண் வைக்கக்கூடாது. பங்கு போட்டுச் சாப்பிடுவது எங்கள் கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தோம். இந்த மண் எப்போதோ தட்டிலேயே அதை வைத்திருக்கிறது.

எட்டரை மணி: கொத்து

இப்போது கொத்து. இது கிழக்கில் பிறந்தது என்று நாங்கள் சொல்வோம், மற்றவர்கள் ஒத்துக்கொண்டாலும் இல்லாவிட்டாலும்.

கடையைக் காதால் தெரிவு செய்யலாம். இரண்டு தகடும் இரும்புத் தட்டில் விழும் தாளம் இடைவிடாமல் கேட்டால் அங்கே கொத்து விற்றுக்கொண்டே இருக்கிறது, அதாவது ரொட்டி கிடந்து காயவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை சத்தம் வந்தால் யோசியுங்கள். அப்புறம் கண்ணால்: மாவை எண்ணெயில் ஊறவைத்து வீசிச் சுடும் ஆள் அங்கேயே நிற்கிறாரா? ரொட்டியைப் பொலித்தீன் பையிலிருந்து எடுத்தால், அது காலையில் சுட்டது. பழைய ரொட்டியும் கொத்தாகும், ஆனால் ரப்பர் மாதிரி இழுபடும்.

தட்டுக்கு வரும் ஒழுங்கு இப்படி. முதலில் எண்ணெயில் வெங்காயம், லீக்ஸ், கரட், கோவா. அப்புறம் முட்டை உடைத்து ஊற்றிக் கிளறல். அதன்மேல் ரொட்டி, இறைச்சி, ஆணம், பிறகுதான் அடி. ஆணத்தைக் கடைசியில் மேலால் ஊற்றித் தருபவரைவிட, அடிக்கும்போதே சேர்ப்பவர் கைதேர்ந்தவர். ரொட்டித் துண்டு ஆணத்தைக் குடித்துவிட்டு ஓரத்தில் கொஞ்சம் கருகியிருக்க வேண்டும். அந்தக் கருகல்தான் கொத்து, மற்றதெல்லாம் நனைந்த ரொட்டி.

இதுவரை சொன்னபடி வந்திருந்தால் ஆறு பேருக்கு இரண்டு 'புல்' (முழு அளவுக் கொத்து) போதும். ஒன்று கோழி, மற்றது மாடு. மாடு சாப்பிடாதவர் இருந்தால் மற்றது முட்டை, அதை முதலில் அடிக்கச் சொல்லுங்கள், தட்டைத் துடைத்துவிட்டு. அதிகம் வேண்டாம் என்பவர்களுக்கு இடியப்பக் கொத்து லேசானது. பிட்டுக் கொத்தும் கிடைக்கும் இடத்தில் எடுத்துப் பாருங்கள், ஆணத்தை ரொட்டியைவிட நன்றாகக் குடிக்கும். சீஸ் கொத்து இளசுகளுக்குப் பிடிக்கிறது. எனக்கு அது நல்ல ஆணத்தின் மேல் போர்த்திய போர்வை. எடுப்பதென்றால் மூன்றாவதாக, எல்லாரும் ஒரு வாய் பார்க்க.

எடுத்தவுடன் சாப்பிடுங்கள். படம் பிடிப்பதற்கு ஒருவருக்கு மட்டும் ஒரு நிமிடம். பார்சல் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோன கொத்து அந்த ஆவியில் அவிந்து வேறு சாப்பாடாகிவிடும்.

கடைசியில் குளிர்ச்சி

கொத்துக்குப் பிறகு பால் சர்பத் அல்லது பலூடா. கசகசா ஊறிப் பளபளவென்று இருக்கும், ஜெலி மிதக்கும். கொத்துக் காரத்துக்குப் பால் நல்லது. சோடா காரத்தைக் குறைக்காது, ஏப்பத்தைத்தான் கூட்டும். கூரையுள்ள கடையில், ஐஸை நீங்கள் பார்க்கக்கூடிய இடத்தில் குடியுங்கள். பலூடா இரண்டு பேருக்கு ஒன்று, இரண்டு கரண்டி. எந்த இரண்டு பேர் என்பதில் எப்போதும் சண்டை வரும், அதற்கு என்னிடம் வழிகாட்டல் இல்லை.

திரும்பும் வழியில் பாலத்தடியில் வண்டியை நிறுத்தி, காற்றில் பத்து நிமிடம் நடந்தால் வயிற்றுப் பாரம் இறங்கும். குப்பையை வாவிக்குள் போடாதீர்கள். கச்சான் கோதைக்கூட.

வெளியூர்க் கூட்டாளி இருந்தால்

அவர் தயிர் இல்லாமல் திரும்பக்கூடாது. இரவில் வாங்கி வைக்காமல், புறப்படும் நாள் காலையில் வாங்குங்கள். மட்டக்களப்புத் தயிர் எருமைப் பாலில் உறைந்தது. எருமைப் பாலில் கொழுப்பு பசுப் பாலைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. மண்சட்டியும் கொஞ்சம் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் கரண்டியால் வெட்டி எடுக்கிற மாதிரி இறுகி நிற்கிறது. சட்டியைச் சாய்த்துப் பாருங்கள், மேலே தண்ணீர் அதிகம் ஓடினால் வேறு சட்டி கேளுங்கள்.

கொண்டுபோவதில்தான் பிழை விடுவார்கள். மேலே கடதாசி கட்டியிருந்தாலும் அது மூடி அல்ல. அட்டைப் பெட்டிக்குள் வைத்து, சுற்றிப் பழைய பத்திரிகை அடைத்து, மடியில் வையுங்கள். ரயிலில் மேல் தட்டில் வைக்க வேண்டாம். கொழும்பிலிருந்து வந்த எங்கள் கூட்டாளி ஒருவன் கேட்காமல் அங்கேதான் வைத்தான். வெலிக்கந்தை தாண்டும்போது கீழே இருந்தவரின் வெள்ளைச் சட்டைத் தோளில் முதல் துளி விழுந்ததாம். அந்த மனிதர் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "எந்தக் கடைத் தயிர் தம்பி?" என்று கேட்டிருக்கிறார்.